அமுங்காத ஃபோர்க்

கார் ஓய்ந்து கூதிர் புகுந்திருந்தது. பெய்து தீர்ந்த மேகங்கள் வெறுங்கையராய் மலை ஏறிக்கொண்டிருந்தன. இலை நுனிகள் மட்டும் இன்னும் சொட்டின. உலகமே குரலைத் தாழ்த்திக்கொண்ட அவ்வேளையில், மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கூடத்திலிருந்து ரப்பர்ச் சுத்தியலின் ஓசை இடைவிடாது எழுந்தது.

மலைச் சைக்கிள் தலைகீழாக நின்றது. முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க், மேடுபள்ளத்தில் அமுங்கி எழுந்து கையைக் காக்க வேண்டியது, சில நாளாக உலக்கை போல் விறைத்திருந்தது. நாளை விடியலில் மகளோடு ஆளுக்கொரு சைக்கிளில் மலைப்பாதையில் போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு மறுநாள் அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். மனைவியோ தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"அது அமுங்கினா போங்க. இல்லேன்னா பேசாம வீட்ல இருங்க. முந்தாநாள் ஓட்டினதுக்கே மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு."

"ஆயில் பழசாயிடுச்சு. மாத்தினா சரியாயிடும்."

"உள்ள பாத்தீங்களா?"

"பாக்கத்தானே கழட்டறேன்!"

அடிப்பக்கத்து போல்ட்டுகளைத் தளர்த்தித் தட்டியதும் கீழ்க்குழல்கள் கழன்றன. தட்டில் வடிந்த எண்ணெய் பொன்னிறமாய் மின்னியது.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, தேன் மாதிரி சுத்தமா இருக்கே. பழசுன்னீங்க?"

"பாத்தா தெரியாதும்மா. காலாவதியான மாத்திரை கறுத்தா போகுது?"

புது எண்ணெய்ப் புட்டியிலிருந்து ஒவ்வொரு குழலுக்கும் பத்து மில்லி. சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, ஒரு துளி கூடாமல் குறையாமல் அளந்து செலுத்தினார். பூட்டி நிமிர்த்தி, உடல்பாரம் முழுதும் கொடுத்து அழுத்தினார். ஃபோர்க் அசையவில்லை.

எண்ணெய் கெட்டியோ என்று ஐயம் பிறந்தது. மீண்டும் கவிழ்த்துக் கழற்றி, மனைவியின் தையல் இயந்திர எண்ணெயை இட்டார்.

"என்னங்க, அது என் மெஷினோடது!"

"ரெண்டே சிரிஞ்சுதான்."

அப்போதும் அசையவில்லை. இதற்கிடையில் ஓர் எண்ணெய்க் கோடு பிரேக் தட்டு வரை இறங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நடைவழியில் ஓட்டிப் பார்க்கச் சென்ற மகள், செருப்பு அலமாரியைத் தழுவித்தான் நின்றாள்.

"அப்பா! இவ்ளோ நேரம் அமுங்கத்தான் மாட்டேன்னுச்சு. இப்ப நிக்கவும் மாட்டேங்குது."

கடை ஸ்பிரிட்டை ஊற்றி பிரேக் தட்டைத் துடைத்தார். வீடு முழுதும் மருத்துவமனை வாடை பரவியது. பேத்தியை வழியனுப்ப ஒரு வாரத்துக்கு முன்பு வந்திருந்த மாமனார், அறையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"யாருக்கு ஆபரேஷன்?"

"சைக்கிளுக்கு, தாத்தா. பேஷண்ட் இன்னும் கண்ணே தெறக்கல."

"இருட்டறதுக்குள்ள அதோட எடத்துல நிறுத்திடுவீங்களா மாப்பிள்ளை?"

"நிறுத்திடறேன் மாமா."

எண்ணெயே இல்லாவிட்டால் என்ன என்று அடுத்த எண்ணம் தோன்றியது. வடித்துப் பார்த்தார். விறைப்பு அப்படியே இருக்க, கிறீச்சொலி ஒன்று புதிதாய்ச் சேர்ந்தது. சரி, முதலில் இருந்த நல்ல எண்ணெயையே விட்டுவிடுவோம் என்று, அதை வடித்த தட்டைத் தேடினார்.

"அதைத்தான் கழுவிக் கவுத்துட்டேனே!" என்றாள் மனைவி.

புட்டியில் எஞ்சியிருந்ததை அளந்து ஊற்றிப் பூட்டினார். சைக்கிளைச் சன்னலோரத்தில் வழக்கமான இடத்தில் நிறுத்தினார். கடைசியாக ஒருமுறை அழுத்தினார். கைதான் வலித்தது. தரையில் அமர்ந்துவிட்டார்.

மகளும் அருகில் வந்து அமர்ந்தாள். "விடுங்கப்பா. நடந்தே போலாம்."

"நடந்தா உங்கம்மா என் முட்டிக்கு ஒரு தீர்ப்பு எழுதுவா."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இனி அவள் எப்போது வருவாளோ?

அந்தி மயங்கியது. மாமனார் முகம் கழுவிப் பாசுரப் புத்தகத்தோடு வந்தார். சன்னலில் மிஞ்சிய வெளிச்சத்தில், சைக்கிளின் கைப்பிடிமேல் புத்தகத்தை விரித்து, இரு கைகளையும் ஊன்றி, முழங்கால் தளர்ச்சியைத் தாங்கிக்கொண்டு நின்றார். நாள்தோறும் இந்நேரம் கடையில் இருக்கும் மருமகன் இக்காட்சியை இன்றுதான் கண்டார். தாமும் எழுந்து கைகூப்பினார். மெல்லிய குரலில் பாட்டு எழுந்து, கூடத்தை நிறைத்து, அடங்கியது.

முதியவர் புத்தகத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பேத்தியின் தலையிலும் மருமகனின் தலையிலும் கை வைத்தார்.

"நல்லபடியா போயிட்டு வாங்க, ரெண்டு பேரும் எந்தக் கொறையும் இல்லாம நல்லா இருக்கணும். கெளம்பறப்ப, பூட்டுப் படம் போட்ட இந்த நீலத் திருகை மட்டும் பழையபடி திருப்பிவிட்டுடுங்க மாப்பிள்ளை. கை ஊனிப் பாடறப்ப பொசுக்கு பொசுக்குன்னு உள்ள எறங்குதேன்னு, வந்த அன்னைக்கு நான்தான் பூட்டி வச்சேன்."