மூணு சிரட்டை மண்

அந்த யோசனை எனக்கு வந்தது பரோட்டாக் கடையின் பார்சல் வரிசையில். ஒரே வாரத்தில் நான்காவது முறையாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர், "நாலு பரோட்டா, ரெண்டு சால்னா. அவுகளுக்கு இந்த வாரம் டூட்டி மாறிருச்சோ?" என்று கேட்டார். என் மனைவியின் டூட்டி அட்டவணை எனக்கே சரியாகத் தெரியாது. பரோட்டாக் கடைக்காரருக்கு மனப்பாடமாகியிருந்தது.

வெட்கத்தில் தலையைக் குனிந்து போனை நோண்டினேன். ஒரு வீடியோ ஓடியது. யாரோ ஓர் அம்மா காலையில் ஒரு சட்டிக்குள் காய், கறி, மசாலா எல்லாவற்றையும் கொட்டி மூடிவிட்டு வேலைக்குப் போகிறார். சாயங்காலம் வந்து மூடியைத் திறக்கிறார். ஆவி பறக்கிறது. பிள்ளைகள் தட்டோடு ஓடி வருகிறார்கள். கிளற வேண்டாம், விசில் எண்ண வேண்டாம், பக்கத்தில் நிற்கவே வேண்டாம். அதன் பெயர் ஸ்லோ குக்கர். பரோட்டா என் கைக்கு வருவதற்குள் ஆர்டர் போட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சாமானை நான் நம்ப ஆரம்பித்துவிட்டால் அதற்கு ஊழியம் செய்யக் கிளம்பிவிடுவேன். (இதற்கு முன் தோசை மாவு அரைக்கிற ஒரு மெஷினுக்குச் செய்தேன். அது இப்போது பரணில் இருக்கிறது.)

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறேன். ஸ்டெல்லா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாடகை வீட்டில் நாங்கள் ரெண்டே பேர். ரெண்டு பேருக்குச் சமைப்பது போலச் சிரமமான காரியம் உலகத்தில் இல்லை. அம்மா கொடுத்துவிட்ட பாத்திரங்களில் ஆகச் சின்னதே ஆறு பேருக்கானது. அதில் திங்கட்கிழமை வைத்த சாம்பார் வியாழக்கிழமை வரை வீட்டில் ஒரு உறுப்பினர் மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை அதைக் கொட்டுவேன். அடுத்த ஒரு வாரத்துக்குப் பரோட்டாக் கடைதான்.

ஸ்லோ குக்கர் வந்தது. ஒன்றரை லிட்டர் பீங்கான் சட்டி, ரெண்டு பேருக்கென்றே அளவெடுத்த மாதிரி. முதல் நாள் பாசிப்பயறு, அடுத்த நாள் கம்பங்கஞ்சி. ரெண்டும் நன்றாகவே வந்தன. ஸ்டெல்லா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வெந்திருக்கு" என்றாள். நோயாளியின் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று டாக்டரிடம் சொல்கிற அதே குரல். எனக்கு அது போதும். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவரிலிருந்து காலண்டருக்குத் தகரம் அடிக்கிறவர் வரை எல்லோரிடமும் ஸ்லோ குக்கரின் மகிமையைப் பிரசங்கித்தேன்.

இதற்கிடையே மல்லாங்கிணற்றில் என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பரோட்டா விஷயம் எட்டிவிட்டது. ரெண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டுச் சோறில்லாமல் கிடக்கிறார்கள், பேசாமல் இங்கே வந்து இருக்கட்டும், பஸ்ஸில் போய் வரட்டும் என்று அம்மா தினமும் போனில் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். "சனிக்கிழமை மத்தியானம் வந்து பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். அறுபது வயதுக்கு மேல் அவருக்கு இன்ஸ்பெக்ஷன் செய்ய வாய்த்திருந்தது.

எனக்குப் பஸ் பெரிய விஷயமில்லை. ஸ்டெல்லாவுக்குக் காலை ஆறரை மணி டூட்டி. மல்லாங்கிணற்றிலிருந்து ரெண்டு பஸ் மாறி வர வேண்டுமென்றால் மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். "நான் அத்தைகிட்ட சண்டை போட மாட்டேங்க" என்றாள். "ஆனா அங்க போனா நான் பஸ்லதான் குடும்பம் நடத்தணும்." அவள் அதைச் சொன்னபோது அடுப்படி ஜன்னலுக்கு வாங்கிய திரையை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு அவள் வாங்கிய முதல் பொருள் அது.

"சனிக்கிழமை மட்டன் குழம்ப என்கிட்ட விட்டுரு" என்றேன். அவள் நூலைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்து, ஒரு தூக்குவாளியில் குழம்பு கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். ஒரு கருவேப்பிலை கூடக் கொண்டு வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மறுபடி ரசம் கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். அதற்கு மேல் கேட்காமலிருக்கப் போனை சைலண்டில் போட்டேன். அதை மறுபடி மாற்ற மறந்துபோனேன்.

சனிக்கிழமை காலை ஸ்டெல்லா டூட்டிக்குக் கிளம்பிப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். சின்ன வெங்காயம், தக்காளி, அரைத்த மசாலா, முக்கால் கிலோ கறி. எல்லாம் சட்டிக்குள் போனது. ஸ்லோ குக்கரில் தண்ணீர் அனேகமாக வேண்டாம் என்று கூட வந்த புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. ஆனால் அம்மாவைப் பார்த்து வளர்ந்த என் கை, புத்தகத்தைக் கேட்காமல் ரெண்டு டம்ளர் ஊற்றிவிட்டது. எட்டிப் பார்த்தால் கறிக்குளம். மூடியை ஒரு கரண்டியால் கொஞ்சம் திறந்து வைத்தால் தண்ணீர் வற்றும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். அப்படியே செய்து, 'ஹை'யில் வைத்தேன்.

எங்கள் அடுப்படியில் வேலை செய்கிற ஒரே பிளக் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே குக்கர் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தது. வீடெல்லாம் கறி வாசம் தங்கிவிடக் கூடாதே என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். கடைசியாக, பாதுகாப்பு முக்கியம் என்று, ஆறு மணி நேரத்தில் தானாக அணைக்கிற டைமர் ஒன்றையும் பிளக்கில் மாட்டினேன். வட்டமான சாவி டைமர். டிக் டிக் என்று ஓடும்.

இப்போது என் ஏற்பாட்டை வெளியிலிருந்து பாருங்கள். பட்டாசு ஊர். பூட்டிய வீடு. ஜன்னலில் ஆவி. உள்ளே டிக் டிக். நான் பைக்கை உதைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பக்கத்து வீட்டுத் தங்கப்பாண்டி அண்ணன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து கலக்கிற வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள், அதனால் சில நாள் மதியத்துக்கு முன்பே வீடு திரும்பிவிடுவார். வீட்டு வாசலிலும் கம்பெனியில் இருப்பது போலவே சிவப்பு பெயின்ட் அடித்த மண் வாளி ஒன்று வைத்திருக்கிறார். (அதில் ரோஜாக் கம்பு நடலாமே என்று ஒருமுறை நான் யோசனை சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை அப்போது புரிந்துகொள்ளவில்லை.) அச்சகத்தில் எல்லோரிடமும் ஸ்லோ குக்கரைப் பற்றிச் சொன்னவன் நான். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு அம்மாவையும் அப்பாவையும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். தெருவே முனை வேப்பமரத்தடியில் நின்றது. கைப்பிள்ளைக்காரிகள், கட்டிலோடு தூக்கி வரப்பட்ட ஒரு பெரியவர், ஒரு தையல் மெஷின். அப்பா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏலே, யாரு வீட்டுல என்ன?"

எல்லோரும் எங்கள் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பர்மிஷன் போட்டு முன்னதாக வந்திருந்த ஸ்டெல்லா யூனிபார்மோடு எங்கள் வாசலில் நின்றாள். ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு ரகசியமாகப் பிரியாணி ஊட்டிய உறவினரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். பன்னிரண்டு மணிக்குத் தங்கப்பாண்டி அண்ணனின் மனைவி முத்துமாரி அக்கா துணி காயப் போட வந்திருக்கிறார். எங்கள் ஜன்னலில் ஆவி. கறி வாசமும் அடித்திருக்கிறது. கதவில் பூட்டு. அடுப்பை எரியவிட்டு மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று புருஷனைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குப் பதினேழு முறை போன் செய்திருக்கிறார்கள். தங்கப்பாண்டி அண்ணன் ஜன்னலில் காது வைத்துக் கேட்டிருக்கிறார். டிக் டிக்.

அதற்குப் பிறகு அவர் கம்பெனியில் பழகிய முறைப்படி எல்லாவற்றையும் செய்திருக்கிறார். இரண்டு பக்கமும் வீடுகளைக் காலி செய்தார். வெளியே மீட்டர் பெட்டியில் எங்கள் வீட்டுப் பியூஸைப் பிடுங்கினார். கரண்டு சாமானில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆகவே சிவப்பு வாளியைக் கொண்டு வந்து, ஸ்டெல்லா தைத்த திரையைப் பத்திரமாக ஒதுக்கிவிட்டு, ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு, தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி, பாதி திறந்திருந்த சட்டிக்குள் மண்ணைப் போட்டார். அடுப்படித் தரையில் ஒரு பொடி மண் சிந்தவில்லை. அவ்வளவு குறி.

"அணைச்சாச்சு தம்பி, பயப்படாதீக" என்றார் என்னிடம்.

"அண்ணே, அது குழம்பு."

"தெரியும். மொதச் சிரட்டை போட்டதுமே தெரிஞ்சிருச்சு."

"பெறகு எதுக்கு மூணு போட்டீக?"

"மூணு போடணும்னு ரூல்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்லோ குக்கர் எவ்வளவு பாதுகாப்பானது, ஒரு பல்பைவிடக் கொஞ்சம் கூடுதலான சூடுதான் என்று வேப்பமரத்தடியில் கூடியிருந்த மொத்தத் தெருவுக்கும் கேட்கும்படி விளக்க ஆரம்பித்தேன். தங்கப்பாண்டி அண்ணன் முழுவதும் கேட்டார். பிறகு வியர்வையைத் துடைக்கச் சட்டைக் கையை மேலே தள்ளினார். முழங்கைக்கு மேல் தோல் வெளுத்து, இழுத்துக் கட்டியது போலப் பளபளத்தது. எட்டு மாதம் பக்கத்து வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

"உங்க சாமானப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி. ஆள் இல்லாத எடத்துல சூடு இருந்தா, எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்."

ஒரு சாமானைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பாதியில் நிறுத்தியது அன்றைக்குத்தான்.

வீட்டைத் திறந்தோம். அப்பா மூடியை முழுவதும் தூக்கிப் பார்த்தார். "இதத்தான் காலைலருந்து வேக வச்சியாலே?" அம்மா கரண்டியை மண்ணுக்குள் விட்டு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். விரலால் நசுக்கினாள். "கறி பூ மாதிரி வெந்திருக்கு" என்றாள். அவள் குரலில் நிஜமான வருத்தம். கழுவி எடுத்தால் ஆகாதா என்று கூட அவள் யோசித்தாள். ஸ்டெல்லா சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் கரண்டு இல்லை, சோறு வைக்க ஆளுக்குத் தெம்பும் இல்லை. மேஜையைச் சுற்றி நான்கு பேர் காலித் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தோம். நான் மனதுக்குள் மல்லாங்கிணறு பஸ் நேரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது முத்துமாரி அக்கா ஒரு சட்டிச் சோற்றோடு வந்தார். "ஒங்க குழம்பக் கெடுத்தது நாங்கதான, சாப்பிடுங்க" என்றார். அவர் பின்னாலேயே கருவாட்டுக் குழம்பு வந்தது. எதிர் வீட்டிலிருந்து ரசம். மாடி வீட்டிலிருந்து கத்தரிக்காய்ப் பொரியல். தையல் மெஷினோடு வெளியே ஓடிய வீட்டிலிருந்து ஆறு முட்டை. ஜெபம் பண்ணுவதற்கு முன் அப்பா எந்தக் கிண்ணம் யார் வீட்டுடையது என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பாதிப் பெயர் தெரியவில்லை. ஸ்டெல்லா எல்லாப் பெயரையும் சொன்னாள். அப்பா ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்தார். கருவாடு ஆறிப்போனது.

நாலு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். தீர்ப்பு வருகிறது என்று ஸ்டெல்லாவும் நானும் சுவரை ஒட்டி நின்றோம். ஆனால் பேசியது அம்மா.

"ரெண்டையும் தனியா விட்டுட்டமேன்னு எனக்கு ஒறக்கமே இல்ல. இங்கன என்னன்னா ஆவி வந்தா அஞ்சு வீடு ஓடி வருது. நம்ம தெருவுல கத்துனாலும் டிவி சத்தத்துல கேக்காது." பிறகு ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இங்கனயே இரு தாயி. இவன வேணும்னா நான் கூட்டிட்டுப் போறேன்."

என்னைக் கூட்டிப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு பதார்த்தம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "எத்தன சிரட்டை?" என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் சாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், என் இலையில் குழம்பு ஊற்ற வந்தவர், எனக்கு யாரென்றே தெரியாதவர், "மூணா, போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்லோ குக்கர் இன்னும் இருக்கிறது, உள்ளே ஒரு கீறலோடு. டைமர் பரணில், தோசை மாவு மெஷினுக்குத் துணையாக. வீட்டுச் சாவி ஒன்று முத்துமாரி அக்காவிடம் இருக்கிறது. நான் டிசைன் செய்கிறவன் என்பதால் ஜன்னலில் தொங்கவிட ஒரு போர்டும் அடித்தேன், மஞ்சளில் சிவப்பு எழுத்து: 'உள்ளே சமையல் நடக்கிறது. ஆபத்து இல்லை.' தங்கப்பாண்டி அண்ணன் அதை ரெண்டு முறை படித்துவிட்டு, வைத்த நேரமும் அணைகிற நேரமும் போடவில்லையென்றால் செல்லாது என்று திருப்பி அனுப்பினார். கீழே ரெண்டு கட்டம் சேர்த்தேன்.

வருகிற சனிக்கிழமை ஆட்டுக்கால் சூப். 'லோ'வில் எட்டு மணி நேரம், ஒரே டம்ளர் தண்ணீர், மூடி முழுசாக மூடியிருக்கும். தெருவில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. முதல் கிண்ணம் தங்கப்பாண்டி அண்ணனுக்கு என்றும் சொல்லியிருக்கிறேன். சந்தோஷம் என்றார். இன்று காலை பார்த்தால் வாசலில் உட்கார்ந்து வாளிக்குப் புது மண் சலித்துக்கொண்டிருக்கிறார். போன தடவை கல் கிடந்ததாம்.