தேறாதவர்

மரணத்தையே அசடு வழிய வைத்த அலுவலகம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான். டாக்டர்கள் கைவிட்டவர்களைக்கூட இரண்டே பக்கப் படிவத்தில் ‘வேலைக்குத் தகுதியானவர்’ ஆக்கி அனுப்பிவிடுவோம். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். அந்தப் பேனாவைப் பிடித்திருப்பவன் அடியேன்.

பதவியின் பெயர் ‘இயலாமை மதிப்பீட்டாளர்’. இதற்கு முன் பழைய கார்களுக்கு மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கார் என்றால் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. மனிதர்களிடம் அந்தச் சிரமம் இல்லை, படிவத்தைத் திறந்தால் போதும். இயலாமை உதவித்தொகை வேண்டுபவர்கள் என் கேள்விகளில், முடியாதவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பதினைந்து மதிப்பெண் எடுத்துத் ‘தேற’ வேண்டும். போன வருடம் என்னிடம் ஒருவர்கூடத் தேறவில்லை. மேலாளர் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் மனைவியோடு வந்த அன்று எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுது. நாலாவது மாடிக்கு இருவரும் படியேறி வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து, முக்கால் மணி நேரம். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். முகத்தில் கண்ணும் மூக்கும்தான் மிச்சம். மனைவிக்கு பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலை. உதவித்தொகை வந்தால் வேலையை விட்டுவிட்டுக் கடைசிவரை அவர் பக்கத்திலேயே இருக்கலாம் என்பது அந்த அம்மாளின் ஆசை.

“படி ஏற முடியுமா?” படிவத்தின் முதல் கேள்வியைக் கேட்டேன்.

“முடியாது சார்” என்றார் மெக்கானிக், மூச்சு வாங்கிக்கொண்டே.

“இப்ப எப்படி வந்தீங்க?”

“படியேறித்தான்.”

‘முடியும். பூஜ்யம்’ என்று எழுதினேன். பொய்க்கு நான் இடம் கொடுப்பதில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து டாக்டரின் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். மனைவிதான் பேசினார்.

“தேறாதுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு சார். நாலு மாசம்தான்னு எழுதியே குடுத்துட்டாரு.”

“நாலு மாசம்தானா?” எனக்கு வருத்தமாகிவிட்டது. “விதிப்படி இயலாமை ஒரு வருஷமாவது நீடிக்கணும்மா. நாலு மாசம்னா அது தற்காலிகம்.”

“அதுக்கப்புறம் செத்துப் போயிடுவார் சார்!”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். அதுக்கப்புறம் இயலாமை இருக்காதே.”

மெக்கானிக் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க ஐந்து நிமிடம் பிடித்தது. ‘உற்சாகமாக இருக்கிறார்’ என்று குறித்துக்கொண்டேன்.

“உங்க லிஃப்ட்ல பெருசா ஒண்ணுமில்ல சார்” என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. “இந்த மாடிக் கதவுல பூட்டு சரியா விழல. வரும்போது தள்ளிப் பார்த்தேன். பழக்க தோஷம்.”

இரண்டு மாதமாக ஆபீஸே படியேறி முட்டி தேய்ந்துகொண்டிருந்தது. “கொஞ்சம் பாருங்களேன்” என்றேன். பார்த்தார். மனைவி தோளைத் தாங்கிக்கொள்ள, ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். லிஃப்ட் ஓடியது. மேலாளர் சும்மாவே இரண்டு தடவை ஏறி இறங்கினார். எல்லோரும் கைதட்டினோம். நான் தட்டிய கையோடு வந்து ‘தொழிலை இன்னும் செய்கிறார்’ என்று எழுதினேன்.

மொத்தம் பூஜ்யம். ‘தாங்கள் தேறவில்லை’ என்று கடிதம் போயிற்று. அது கிடைத்ததும் அந்த அம்மாள் போன் செய்தார்.

“டாக்டரும் தேறாதுங்கறாரு, நீங்களும் தேறலைங்கறீங்க. ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே சொல்றீங்க? அப்புறம் ஏன் சார் குடுக்க மாட்டேங்கறீங்க?”

“அவர் சொல்றது ஆஸ்பத்திரித் தமிழ். நான் சொல்றது ஆபீஸ் தமிழ்” என்றேன்.

இந்தப் பதிலை அன்று நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அன்று சிரித்தேன்.

மேல்முறையீடு செய்தார்கள். அவசரம் என்று கேட்டதால் ‘அவசரப் பிரிவில்’ சேர்த்து, ஏழாவது மாதம் தேதி கொடுத்தோம். அந்த அம்மாள் மட்டும் வந்தார். லிஃப்டில் வந்தார்.

“விண்ணப்பதாரர் நேர்ல வரணுமேம்மா?”

“அவர் போய்ட்டார் சார். மூணாவது மாசமே. நான் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள. பக்கத்துல யாருமில்ல.”

அவருடைய படிவத்தைத் திறந்து நானே பதில் எழுத ஆரம்பித்தேன். நடக்க முடியுமா? முடியாது. படி ஏற முடியுமா? முடியாது. இந்த நிலை ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்குமா? நீடிக்கும். என் உத்தியோகத்திலேயே முதல் தடவையாக ஒருவருக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

“தேறிட்டாரும்மா” என்றேன்.

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்தில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று ஒரு கேள்வி. விண்ணப்பதாரர், மருத்துவர், தபால் என்று மூன்றே கட்டங்கள். ‘மதிப்பீட்டாளர்’ என்று நாலாவதாக ஒன்று போட அச்சடித்தவர்களுக்குத் தோன்றவில்லை. போட்டிருந்தாலும் என் பேனா அந்தப் பக்கம் போயிருக்காது. செத்தவர் மேல் பழி போட மனசு வரவில்லை. டாக்டர் என்றால் சும்மா விடமாட்டார். தபாலில் டிக் அடித்தேன்.

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“எந்தத் தபால் சார்? அந்த லெட்டரை அவர்தானே நாலு மாடி ஏறி வந்து உங்க கையில குடுத்தார்?”

வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. விதி என்றால் விதிதான் என்று, போட்ட டிக்கை அப்படியே விட்டுவிட்டேன்.