கேக்கலை சம்பந்தி

"போன்ல ஒரு குறையும் இல்லைம்மா" என்று போன் கடைக் கவுன்ட்டர் பெண் மறுபடியும் சொன்னபோது, தையலக்காவுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது.

"போன்ல இல்லைன்னா? அப்ப குறை எங்கிட்டயா?"

கவுன்ட்டர் பெண் சிரித்தபடியே நின்றாள். வாடிக்கையாளர் முன்னால் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று யாரோ கற்றுக்கொடுத்த சிரிப்பு காலையிலிருந்து அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படிக் கழற்றுவது என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

அவள் கடைப் போனிலிருந்து தையலக்காவின் போனுக்கு அடித்தாள். கடையின் அந்த மூலைக்குப் போய்ப் பேசச் சொன்னாள். தையலக்கா போய்ப் பேசினாள். வாசலுக்கு வெளியே நின்று பேசச் சொன்னாள். அங்கேயும் பேசினாள். மணியடித்தது போலக் கேட்டது. தையலக்காவுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

"இங்க கேக்கத்தான் கேக்கும். டாக்டர் வீட்டு வாசப்படியில காலை வெச்சதும் பல்வலி நின்னுடுதே, அந்த மாதிரி. எங்க வீட்டுக்கு வந்து பாரு."

கூட வந்திருந்த கணவர், பையைக் கையில் பிடித்தபடி, "வீட்டுல எடுக்கவே மாட்டேங்குதும்மா" என்று மென்மையாகச் சொன்னார். பஸ் டிப்போவில் நேரக் குறிப்பாளர் அவர். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவரே வாய் திறந்து சொல்கிறார் என்றால் போன் எந்த லட்சணத்தில் இருக்க வேண்டும் என்று தையலக்கா கடையிலிருந்த எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

வாங்கி ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஆனால் குறை இருந்தால்தான் திருப்ப முடியும். குறை கடைக்குள் தெரிந்தால்தான் அது குறை. தையலக்கா போனை உறைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினாள். அது அவளே தைத்த உறை. கேமராவுக்கு ஒரு ஜன்னல், சிக்னல் உள்ளே வர மேலே தனியாக ஒரு துளை, துளையைச் சுற்றிப் பிரியாமலிருக்கக் காஜா.

அந்தப் போன் வெறும் போன் இல்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த வாரத்தில், மகளே தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. மகளுக்கு இது மூன்றாவது இடம். முதல் இரண்டும் கைகூடி வந்து கலைந்து போயின. அந்தச் சம்பந்திமார்களோடு தையலக்கா எவ்வளவு பாசமாகப் பழகினாள். தினமும் போன் பண்ணி, சாப்பிட்டீர்களா, மூட்டுவலி எப்படி, என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் விசாரித்தாள். அப்படியும் ஒருநாள் இருவருமே, சரிப்பட்டு வராது என்று ஒரு வரியில் சொல்லி விலகிக்கொண்டார்கள். யார் வயிற்றெரிச்சலோ. மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுததைத் தையலக்கா வெளியே நின்று கேட்டாள். இந்த மூன்றாவது இடம் கை நழுவினால் அந்தக் கதவுக்கு வெளியே இன்னொரு முறை நிற்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

அதனால்தான் இந்த முறை சம்பந்தியம்மாளிடம் இன்னும் கூடுதல் பாசமாக இருப்பது என்று முடிவு செய்திருந்தாள். போனோ அதற்குக் குறுக்கே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சம்பந்தியம்மாளுக்கு அடித்தாள். எடுத்ததும் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"சம்பந்தி, நான்தான். நேத்து உங்க பையன் போட்டிருந்தாரே ஒரு சட்டை, அதுல தோள்பட்டை ரெண்டு விரல்கடை இறங்கியிருந்துதே, யாரு தைச்சது? தப்பா எடுத்துக்காதீங்க, அந்த மாதிரி தைச்சா நல்ல ஆளும் நோஞ்சானாத்தான் தெரிவாங்க..."

கொரகொரவென்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, "கேக்கலை சம்பந்தி, விட்டு விட்டு வருது" என்றது குரல். பிறகு போன் செத்துவிட்டது.

தங்கைக்கு அடித்தாள். தம்பிக்கு அடித்தாள். அங்கேயும் அதே கதைதான். சீருடை தைக்கக் கொடுத்தவர்கள் கூப்பிட்டால் மட்டும் கேட்டது. ஆனால் அவர்கள் பேசுவது, தைச்சாச்சா என்று ஒரே வார்த்தை. ஒரு வார்த்தையைக் கடத்திக் கொண்டுவர ஓட்டைத் தகர டப்பா கூடப் போதும். மனுஷி மனம் விட்டு நாலு வார்த்தை பேச வேண்டும் என்றால்தான் இந்தச் சனியனுக்கு மூச்சு முட்டுகிறது.

"நம்ம வீட்டுச் சுவரு தடிமன்" என்றார் கணவர். "ஜன்னலுக்கு வெளியே வெச்சுப் பேசிப் பாரேன்."

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. தையலக்கா அளவு நாடாவைப் போனுறையின் காதில் கோத்து, மாடி ஜன்னல் கம்பியிலிருந்து வெளியே தொங்கவிட்டாள். ஏற்றி இறக்கிப் பார்த்ததில், நாற்பத்திரண்டு அங்குலத்தில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்தன. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக் கத்திப் பேசினாள். சம்பந்தியம்மாளுக்குக் கேட்கவில்லை. தெருவுக்குக் கேட்டது.

மறுநாள் எதிர் வீட்டு இஸ்திரிக்காரர் துணி கொடுக்க வந்தவர், "மாப்பிள்ளைக்கு அல்சர்னு சொன்னீங்களே, காரத்தைக் குறைக்கச் சொல்லுங்க" என்றார். பால் போடுகிறவர், தோள்பட்டை இறங்கினால் ஒரு தையல் போட்டு ஏற்றிவிட முடியாதா என்று விசாரித்தார். மகள் அலுவலகத்திலிருந்து வரும்போது தெருமுனையிலேயே யாரோ அவளைப் பிடித்து, மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை பரம்பரையா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்தவள் அம்மாவைப் பார்த்த பார்வையில் தையல் மிஷினே நின்றுவிட்டது.

"எல்லாம் அந்தக் கடைக்காரனால வந்தது" என்றாள் தையலக்கா.

இந்த முறை அவள் கடைக்குள் நுழையும்போதே, புதுப் போன் வாங்க வந்திருந்த ஒரு தம்பதியிடம், வாங்காதீர்கள், பேச முடியாது, படம் மட்டும் பார்க்கலாம் என்று எச்சரித்தாள். அவர்கள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். மேனேஜர் எழுந்து வந்தார். தையலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலை மறித்து உட்கார்ந்தாள். மகளின் வாழ்க்கை, மனிதர்களின் மரியாதை, விளம்பரத்தில் வருகிற பொய், காஜா எடுத்த நூலின் தரம் எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் அவர் கண்கள் தரையைப் பார்த்தன. பிறகு கூரையைப் பார்த்தன. கடைசியில் குறை கிறை எதுவும் கேட்காமல், தானே உள்ளே போய் ஒரு புதுப் பெட்டியை எடுத்து வந்து அவள் கையில் திணித்தார்.

"பார்த்தீங்களா" என்றாள் தையலக்கா வெளியே வந்து. "பேசுற விதத்துல பேசினா நடக்குது."

கணவர் பையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

புதுப் போனில் பழைய எண்கள் ஏறும்போது ஒன்றுக்கொன்று குழம்பிப் போயிருந்தன. சம்பந்தி என்று போட்டிருந்த இடத்தில் அடித்து, தோள்பட்டை விஷயத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லி, தேதி குறிக்க எப்போது வரலாம் என்று கேட்டபோது, எதிர்முனையில் ஓர் ஆண் குரல், சிலிண்டர் நாளைக்குத்தான் வரும் என்றது. அந்தச் சிலிண்டர்காரரோடு பேசினதில் ஒரு கொரகொரப்பும் இல்லை என்பதை அவள் கவனிக்கத்தான் செய்தாள். நல்ல சிக்னல் எல்லாம் இப்படி வீணாகப் போகிறதே என்று ஆத்திரப்பட்டாள். சரியான எண்ணைத் தேடிப் பிடித்துச் சம்பந்தியம்மாளுக்கு அடித்ததும், பழைய கொரகொரதான்.

"கம்பெனியை மாத்திப் பார்க்கலாம்" என்றார் கணவர். "சிம்முல இருக்கும்."

அதையும் மாற்றினாள். மாறுகிற இடைவெளியில் போன் சுத்தமாக ஊமையாகிவிட்டது. சம்பந்தியம்மாள் எத்தனை முறை அடித்திருப்பாளோ, திமிர் பிடித்தவள் எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்திருப்பாளோ என்று யோசித்துக்கொண்டே தையலக்கா மிஷினை மிதித்தாள். ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலையும் இடது காலாகத் தைத்தாள்.

பொறுக்க முடியாமல் கணவரின் போனைக் கேட்டாள். அது பட்டன் தேய்ந்த பழைய போன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். சம்பந்தியம்மாள் உடனே எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணா" என்றது குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல.

"அண்ணா இல்லை சம்பந்தி, நான்தான்."

ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு கொரகொர. "கேக்கலையே... சம்பந்தி..."

தையலக்கா போனைக் கணவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "உங்க போனுக்கும் ஒட்டிக்கிச்சு. ரெண்டையும் ஒரே மேஜையில வைக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்."

"இருக்கும்" என்றார் அவர், போனை வேட்டியில் துடைத்தபடி.

அந்த வாரக் கடைசியில், கணவர் டிப்போவிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது, மண்டபமும் பார்த்தாகிவிட்டது என்றார். தையலக்காவின் கையிலிருந்த கத்திரி அப்படியே நின்றது.

"எப்படி? யாரு பேசினா?"

"நானும் அவங்களும்தான். அஞ்சு நிமிஷம்."

"பெத்தவ நான் ஒருத்தி இருக்கேன். ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா அந்த அம்மாவுக்கு?"

"உன் போன்தான் எடுக்கலையே" என்றார் கணவர்.

தையலக்கா கத்திரியைக் கீழே வைத்தாள். அந்தப் போனைச் செய்தவன், விற்றவன், விளம்பரத்தில் அதைக் காதில் வைத்துச் சிரித்தவள், எல்லோரையும் மனதுக்குள் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினாள். இரவு படுத்தும் தூக்கம் வரவில்லை. மகளின் கல்யாணம் தன்னைத் தாண்டிப் போகிறது. இன்றைக்குத் தேதி, நாளைக்குப் புடவை, அதற்கடுத்து ஏதாவது ஒரு மனத்தாங்கல். பெண்ணின் அம்மா ஒட்டவே மாட்டேன் என்கிறாள் என்று அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் சொன்னால் போதும். மூன்றாவதும் போய்விடும்.

மறுநாள் கணவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, பஸ் பிடித்தாள். நேரிலேயே போய், இது என் திமிர் இல்லை, போனின் கோளாறு என்று விளக்கிவிடுவது. முடிந்தால் அந்தச் சட்டையையும் கையோடு வாங்கிவந்து தோள்பட்டையை ஏற்றிக் கொடுத்துவிடுவது.

சம்பந்தியம்மாள் வீட்டில் இல்லை. வங்கிக்குப் போயிருக்கிறார்கள், வருகிற நேரம்தான் என்று சொல்லி, அந்த வீட்டில் வேலை செய்கிற ஒரு வயதான அம்மாள் கதவைத் திறந்தாள். பெண் வீட்டிலிருந்து வருகிறேன் என்றாள் தையலக்கா.

"பொண்ணோட சித்தியா?"

முன்னறிவிப்பில்லாமல் பெண்ணின் தாயே வந்து வாசலில் நிற்பது மரியாதையாக இருக்காதே என்று ஒரு கணம் யோசித்தாள். யோசித்த நேரத்தில் தலை தானாக ஆடிவிட்டது.

வேலைக்கார அம்மாள் அவளை உட்கார வைத்து, காபி கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுக் காபியை உறிஞ்சியபடி தையலக்கா கூடத்தை அளந்தாள். சுவர் ஒன்றும் தடிமன் இல்லை. ஜன்னல்கள் பெரிது பெரிதாக இருந்தன.

"இந்த வீட்டுல போன் நல்லா எடுக்குமா?" என்று கேட்டாள்.

"ஓ. சமையலறையில வெச்சாலும் எடுக்கும், குளியலறையில வெச்சாலும் எடுக்கும்."

"உங்க வீட்டம்மா போன் பழசோ?"

"போன மாசம்தான் பையன் வாங்கிக் கொடுத்தாரு."

தையலக்காவின் முகம் மலர்ந்தது. இங்கே ஒரு குறையும் இல்லை என்றால் குறை தன் போனில்தான், இரண்டாவது முறை கொடுத்த அந்தப் போனில்தான். மேனேஜர் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவான் என்று பார்த்துவிடலாம். இந்த அம்மாளையே சாட்சிக்குக் கூட்டிப்போனாலும் போகலாம்.

"அப்படின்னா, பொண்ணோட அம்மா பேசினா மட்டும் உங்கம்மாவுக்கு ஏன் கேக்க மாட்டேங்குது?" என்றாள், வழக்கு ஜெயித்த வக்கீல் போல.

வேலைக்கார அம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த காலி பிஸ்கட் கவர் ஒன்றை எடுத்துக் காட்டி, குரலைத் தாழ்த்தினாள்.

"அது கேக்காம இல்லைம்மா, இதைப் போன் பக்கத்துல கசக்கறது என் வேலை, முன்னாடி ரெண்டு சம்பந்தமும் அந்தம்மா பேசிப் பேசியே ஓடிப்போச்சாம், அதனால இது நிலைக்கணும்னா கல்யாணம் முடியற வரைக்கும் கேக்கலைன்னே சொல்லிடுங்கன்னு பொண்ணோட அப்பா நேர்ல வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு, பொண்ணோட சித்திக்கும் தாய்மாமாவுக்கும் கூடச் சொல்லி வெச்சிருக்கேன்னாரே, உங்ககிட்ட சொல்லலையா?"