பேய்ப்பட அன்ரியும் கதவடியில் நின்ற டொக்டரும்

ரொறன்ரோவில் டொக்டர்மாரைக் கதிரையில் இருத்தி வைத்துக் கதைத்த ஒரே தமிழ் மனுசி பேய்ப்பட அன்ரியாகத்தான் இருக்கவேண்டும்.

நானும் அவவும் அஜின்கோர்ட்டில் ஒரு கேக் தொழிற்சாலையில் வேலை செய்தோம். இருவருக்கும் வீடு அஜக்ஸில் என்பதால் என்னுடைய காரில்தான் வருவா. 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நிற்கும்போது, முதல்நாள் பார்த்த யப்பான் பேய்ப்படத்தின் கதை தொடங்கும். தலைமயிரை விரித்துக்கொண்டு பேய் சுவரால் இறங்கும் இடத்தைக்கூடப் பணிஸைக் கடித்துக்கொண்டேதான் சொல்லுவா.

அவவுக்குப் பேய் ஒரு பொருட்டே இல்லை. பயமெல்லாம் அந்தப் படங்களில் வரும் டொக்டர்களில்தான். தனக்கு என்னவோ நடக்கிறது என்று ஒரு பெண் சொல்லுவாளாம். வெள்ளைக் கோட்டுக்காரர் மெல்லிய குரலில், உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை, குளிசையைப் போட்டுக்கொண்டு படு என்பாராம். அவளும் தலையாட்டுவாளாம்.

"அந்தத் தலையாட்டலோட படம் முடிஞ்சுது பிள்ளை. பிறகு பேய் வந்தாலென்ன, வராட்டிலென்ன?"

ஆகவே அன்ரி தலையாட்டுவதில்லை. பல் டொக்டர் வாய்க்குள் கருவியை வைத்தபடி ஏதாவது கேட்டால், அவருடைய கையைத் தட்டி அதை வெளியே எடுக்க வைத்து, விபரமாகப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் திரும்ப வாயைத் திறப்பா. தடுப்பூசி போடப் போனால், அவ கேள்விகளைக் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீளும்.

பிறகு அவவுக்கு இரத்தப்போக்கு நிற்காமல் போய், கர்ப்பப்பையில் கட்டி என்று தெரியவந்தது. இங்கே சொந்தமென்று யாரும் இல்லாததால், மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனா. ஸ்பெஷலிஸ்ட் கதவுப்பிடியில் ஒரு கையை வைத்தபடி, என்னைப் பார்த்து, கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்றார். அன்ரி நீளமாகக் கேள்விகள் கேட்டா. எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சுருக்கி, ஆபத்து உண்டா என்று மட்டும் கேட்டேன். அதைப் பிடிக்கும் அளவுக்கு அன்ரிக்கு இங்கிலீஷ் தெரியும்.

"நான் கேட்டது உதில்லை. அவரை முதல்ல இருக்கச் சொல்லு. வருத்தக்காரி நான். என்னைப் பாத்துக் கதைக்கச் சொல்லு."

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.  டொக்டர் கதிரையை இழுத்து அன்ரிக்கு முன்னால் இருந்து, படம் கீறிக் காட்டினார். கட்டி புற்றுநோய் இல்லை, மருந்தோடு பொறுத்தும் பார்க்கலாம், ஆனால் இரத்தப்போக்கு நிற்குமென்று உறுதி சொல்லமுடியாது என்றார். அன்ரி யோசித்துச் சொல்வதாக எழும்பிவிட்டா.

அடுத்த கிழமை காரில் ஏறியதும், ஒப்பரேஷன் செய்யப்போகிறேன் என்றா. எனக்குச் சினம் வந்தது. இதைத்தானே அவர் முதலே சொன்னார் என்றேன்.

"அது அவரின்ர முடிவு. இது என்ர முடிவு."

எல்லாம் நல்லபடி முடிந்தது. இப்போது விட்பிக்கு வீடு மாறிப்போய், அங்கே இருந்துகொண்டு இன்னும் பயங்கரமான படங்களாகத் தேடிப் பார்க்கிறா. எனக்கோ ஒப்பரேஷன் நடந்த அன்று காலை ஆஸ்பத்திரியில் நின்றதுதான் அடிக்கடி நினைவுக்கு வரும். கடைசியாக ஏதாவது கேட்க இருக்கிறதா என்று டொக்டர் அன்ரியைப் பார்த்தே கேட்டார். அன்ரியிடம் கேள்வி ஒன்றும் இருக்கவில்லை. கட்டிலைத் தள்ளத் தொடங்கியபோதுதான் அவவின் கை என் கையைப் பிடித்திருப்பதைக் கவனித்தேன். குளிர்ந்துபோய் இருந்தது. கையை விடச் சொல்லி நேர்ஸ் சொன்னார். அன்ரி உடனே விட்டுவிட்டா. நேர்ஸ் இன்னொருமுறை சொல்லவேண்டி வந்தது எனக்குத்தான்.