மூக்கு மட்டும் புறம்போக்கு

முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துப் பிதுக்கினாள். தர்பூசணித் தோலையும் புதுச் செருப்பையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வெயிலில் வைத்தால் எழும் வாசனை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் நான் ஏறியிருந்த காலை பஸ் அது. ஜன்னலுக்கு வெளியே மலை பச்சையாக நகர்ந்துகொண்டிருந்தது. எனக்குள் மட்டும் திருச்செங்கோட்டு வெயில் அடித்தது. அவள் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இரண்டு வெள்ளைக் கோடுகள் இழுத்தாள். உடனே என் காதுக்குள் ஒரு குரல், “யாரோட விரலுங்க?” என்றது.

பாகக்காரரின் குரல்.

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் ஒரு பொருளைச் சரிபாதியாகப் பிரிக்கத் தெரிந்த ஒரே மனிதர் பாகக்காரர்தான். பகலையும் இரவையும் பிரித்த வேலையில்கூட அவருக்குக் குறை உண்டு. “மார்கழியில ராத்திரிப் பக்கம் சாஸ்தி போயிருச்சுங்க” என்பார். அவித்த முட்டையை நூலால் அறுப்பார். மஞ்சள் கரு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்த முட்டை செல்லாது, வேறு வேண்டும். ஒரு டீயை இரண்டாக ஊற்றச் சொன்னால் தம்ளர்களைத் தரையில் வைத்து, தானும் குப்புறப் படுத்து மட்டம் பார்ப்பார். அதற்குள் டீ ஆறிவிடும். இருவருக்கும் சமமாக ஆறியிருக்கும்.

தொழில் அப்படி. அண்ணன் தம்பிகளுக்கு நிலத்தை அளந்து பாகம் பிரித்துக் கல் நட்டுத் தரும் தனியார் சர்வேயர். பெயர் என்று ஒன்று இருந்தது. அது ரப்பர் ஸ்டாம்பில் மட்டும் இருந்தது. திருச்செங்கோட்டில் ஒரு தையல் கடைக்கு மேல் அவருடைய ஆபீஸ். அவர் அளப்பார், நான் புலப்படம் வரைவேன். ஒன்பது வருஷம்.

பேச்சிலும் அவர் தராசு. எங்கள் பக்கத்தில் கிழவனையும் சாமி என்பார்கள், கைக்குழந்தையையும் சாமி என்பார்கள். பாகக்காரர் வாயில் அந்தச் சொல் வராது. “ஒருத்தரச் சாமின்னா, வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கறவரு நாம இவரு பக்கம் சாஞ்சுட்டோம்னு நெனச்சுக்குவாருங்க அம்மிணி” என்று எனக்கு விளக்கினார். ஆண்களுக்கு ‘ஏனுங்க’, பெண்களுக்கு ‘அம்மிணி’, அவ்வளவுதான்.

இந்த மனிதரின் முகம் ஒரு பங்குனியில் வீங்கியது.

முதலில் கன்னத்தில் சிவப்புத் திட்டு. அப்புறம் கண் இமை. எரிச்சலில் ராத்தூக்கம் போயிற்று. சேலத்துத் தோல் டாக்டர், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இனி தொப்பி போட வேண்டும், முகத்துக்குச் சன்ஸ்கிரீன் பூச வேண்டும், ஒரு மாதம் பார்ப்போம். அடங்கவில்லை என்றால் வெயில் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். அந்த ஒரு மாதத்துக்காகக் காத்திருந்தவர் இன்னொருவரும் உண்டு, அவருடைய மச்சான். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தார். “நெழல்ல சேர் போட்டு உக்காந்து தீவனம் எறங்கறதப் பாத்துக்குங்க மாமா, போதும்” என்று சேரையே வாங்கிப் போட்டுவிட்டார். நீல நிறச் சேர், கைப்பிடி வைத்தது. பாகக்காரருக்கு அதை நினைத்தாலே திட்டு இன்னும் சிவந்தது.

“கோழி ஊட்டுல எனக்கு என்னுங்க வேலை? எது எந்தக் கோழின்னே தெரியாது.”

டாக்டர் எழுதிய ட்யூப் சின்னது, விலை பெரியது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பூசினால் வாரம் தாங்காது. எனவே பஸ் ஸ்டாண்ட் மெடிக்கலுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த கலைவாணி, ஒரு பிரியாணி விலைக்குள் அடங்குகிற நாலு ட்யூப்களை எடுத்து வைத்தாள். நீலத் தொப்பி, மஞ்சள் தொப்பி, பச்சைத் தொப்பி, வெள்ளைத் தொப்பி.

“எது நல்லதுங்க அம்மிணி?”

“எல்லாம் நல்லாப் போகுதுங்க. எல்லாத்துலயும் எஸ்பிஎஃப் அம்பது.”

“எல்லாத்துலயும் அம்பதுன்னா நாலு எதுக்குங்க?”

கலைவாணி என்னைப் பார்த்தாள். நான் இருமல் மருந்து அடுக்கைப் பார்த்தேன்.

“எவ்வளவு பூசோணும்?”

“ரண்டு விரல் அளவுங்க.”

“யாரோட விரலுங்க? என்ர விரலா, உங்க விரலா, ஆத்தூர் பயில்வான் விரலா? அளவுன்னு சொன்னா ஒரு அளவு வேண்டாமுங்களா?” சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் தன் விரலை அளந்தார். பிறகு, “அம்மிணி, சித்த கைய நீட்டுங்க” என்று கலைவாணியின் விரலையும் அளந்தார். பின்னால் மாத்திரைக்கு நின்றவர்களில் இருவர் வேறு கடைக்குப் போனார்கள். கடைசியில் நாலையும் வாங்கினார். எது வெல்லும் என்பதை வெயில் சொல்லட்டும் என்றார்.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு புலப்படம் இருந்தது. வடக்கு அம்புக்குறி, அளவுகோல் எல்லாம் சரியாக இருந்தன. நிலம்தான் எந்த ஊர் என்று புரியவில்லை. உற்றுப் பார்த்தால் இரண்டு குளங்கள், நடுவே ஒரு மேடு, கீழே ஒரு வாய்க்கால். பாகக்காரரின் முகம்.

நெற்றி இரண்டு உட்பிரிவு, கன்னம் இரண்டு உட்பிரிவு. வலது நெற்றி பச்சை, இடது நெற்றி வெள்ளை, வலது கன்னம் நீலம், இடது கன்னம் மஞ்சள். மூக்குக்கு நேரே ‘புறம்போக்கு’ என்று எழுதியிருந்தார்.

“மூக்குக்கு ஒண்ணும் இல்லீங்களாண்ணா?”

“ஒரு எடமாவது சும்மா கெடந்தாத்தான் பூசுன எடம் தேறுச்சா இல்லையான்னு தெரியுமுங்க. ஊருன்னு இருந்தா புறம்போக்கு இல்லாம இருக்குமுங்களா?”

வெயிலும் சமமாகக் கிடைக்க வேண்டும். எங்கள் வேலை காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை. வடக்கே பார்த்து நின்றால் வலது கன்னமே அதிகம் வேகும். அதனால் ஒரு நாள் வடக்கே பார்த்து நின்றார், மறுநாள் தெற்கே பார்த்து நின்றார். காட்டுக்காரர் ஒருவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார், “நேத்து அளந்ததயே இன்னிக்குத் திலுப்பி அளக்கறாரே, அழிக்கறாருங்களா?”

முதல் வாரத்திலேயே நீலத்தின் குணம் தெரிந்தது. மதியம் வரை அசையவில்லை, கெட்டி. ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்து நின்றது. போகிற ஊரிலெல்லாம் “பழனிக்குப் போய்ட்டு வந்தீங்களா?” என்று கேட்டுக் கன்னத்துக்குக் கும்பிடு போட்டார்கள். மஞ்சள் எண்ணெய்ப் பசை. உழுத காட்டில் ஒரு காற்று அடித்தால் செம்மண் அப்படியே அப்பிக்கொள்ளும். வாசனைக்குத் தேனீ வேறு வரும். “ரண்டு கொள்ளுப் போட்டா மொளைச்சுருமுங்க” என்று அவரே சொன்னார்.

ஒரு முகத்தில் பார்த்து முடிவுக்கு வருவது நியாயமில்லை என்று அவருக்குத் தோன்றியது. “அம்மிணி, உங்க மொகத்த ஒரு வாரம் குத்தகைக்கு உடுங்க” என்றார். விட்டேன். வலப்பக்கம் நீலம், இடப்பக்கம் வெள்ளை. டீக்கடை அம்மா தம்ளரை நீட்டிக்கொண்டே, “ஏனம்மிணி, பவுடர் பாதியிலயே தீந்து போச்சா?” என்றாள். இடப்பக்கம் பூசியது வெளியே தெரியவே இல்லை. அதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் சங்ககிரிப் பக்கம் ஒரு கடலைக் காடு. அண்ணனும் தம்பியும் பேச்சு நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. வரப்பின் இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் சின்னவர், நடுவில் முக்காலி மேல் கருவி. சித்திரை வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. நிலக்கடலைச் செடிகள் தலையைக் குனிந்து நின்றன. பாகக்காரருக்கு வேர்த்தது. வலது நெற்றியில் இருந்த பச்சை மெதுவாகக் கரைந்து, புருவம் தாண்டி, குளத்தில் இறங்கியது.

வேறு யாராக இருந்தாலும் துடைத்திருப்பார்கள். துடைத்தால் எல்லை கலைந்துவிடும் என்று அவர் துடைக்கவில்லை. வலது கண்ணைக் கருவியில் வைத்தபடியே நின்றார். அந்தக் கண்ணிலிருந்து மட்டும் தாரை தாரையாக நீர். அரை மணி நேரம்.

முதலில் பார்த்தவர் பெரியவர்.

“ஏனுங்க, அழுவறீங்களா?”

“இல்லீங்க. க்ரீமுங்க.”

பெரியவர் வரப்பு வரைக்கும் வந்தார். நாலு வருஷத்தில் முதல்முறையாகத் தம்பியைப் பார்த்துப் பேசினார். “பாத்தியாடா? ஊட்டாளு இல்ல, ஒரம்பரை இல்ல. நம்ம காட்ட அறுக்கறதுக்கு அந்த மனுசன் அழுவறாரு.”

“ஒத்தக் கண்ணுல மட்டும் வருதுங்கண்ணா” என்றார் தம்பி.

“ஒரு கண்ண உள்ளுக்குள்ள அடக்கறாருடா. இன்னொண்ணு அவர மீறி வருது.”

“நெசமாலுமே க்ரீமுங்க. அம்மிணி, நீங்க சொல்லுங்க.”

நான் சொன்னேன். பச்சைத் தொப்பி, வலது நெற்றி, உட்பிரிவு என்று முழுவதையும் சொன்னேன். அதற்குள் இரண்டு வீட்டுப் பெண்களும் வந்து அழத் தொடங்கியிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல அந்தக் குடும்பம் இன்னும் உரக்க அழுதது. அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்தார். கல் நட வேண்டாம் என்று முடிவாயிற்று. எங்களுக்குக் கோழிக் குழம்போடு சோறு கிடைத்தது. பாகக்காரர் தன் ஈரல் துண்டை இரண்டாக வெட்டி ஒன்றை என் இலையில் வைத்தார். வலது கண் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து அதே அண்ணன் தம்பி அதே காட்டைப் பிரித்துக்கொண்டார்கள், வேறு சர்வேயரை வைத்து. “கல்நெஞ்சுக்காரரா ஒருத்தரப் பாத்து வெச்சுக்கிட்டோமுங்க” என்று பெரியவரே போனில் சொன்னார்.

ஆனால் கதை அதற்கு முன்பே பரவிவிட்டது. ஓமலூரிலிருந்து ஒரு தாயார் பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தார். மகன்கள் பிரிக்கச் சொல்கிறார்கள், பிரியக் கூடாது, கூலி பேசியபடி தருகிறேன், ‘அந்த அழுவாச்சித் தைலத்தை’ இரண்டு கண்ணுக்கும் போட்டுக்கொண்டு வர முடியுமா? பாகக்காரர் எழுந்து நின்று கைகூப்பினார். “அதுக்கு நான் ஒங்க பக்கம் சாயோணுமுங்களே அம்மிணி” என்றார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு வெகுநேரம் பென்சில் சீவினார். மாதம் முடிய இரண்டே நாள் இருந்தாலும், பச்சைத் தொப்பியை அன்றே குப்பையில் போட்டார்.

டாக்டர் சொன்ன மாதம் முடிந்தது. டாக்டரிடம் போகும்போது துணைக்கு நானும் போனேன். மச்சானும் வந்திருந்தார், காரோடு. நேரே பண்ணைக்குக் கூட்டிப் போகிற ஏற்பாடு. பாகக்காரர் டாக்டர் மேசையில் முப்பது நாள் புலப்படங்களை விரித்தார். டாக்டர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

நெற்றி அடங்கியிருந்தது. இரண்டு கன்னமும் அடங்கியிருந்தன. நாலு பாகமும் தோலளவில் ஏறத்தாழ ஒன்றுபோல. மூக்கு மட்டும் சுட்ட கத்தரிக்காய் போல உரிந்து கிடந்தது.

“மூக்குக்கு ஏன் போடலை?”

“புறம்போக்குங்க.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “நாலும் வேலை செஞ்சிருக்கு. எதைத் தினமும், திரும்பத் திரும்ப, அலுக்காம உங்களால போட முடியுமோ அதை வெச்சுக்குங்க. தொப்பியை விடாதீங்க. மூக்குக்கும் போடுங்க. வேலைக்குப் போகலாம்.”

நீலம் போட்டால் கும்பிடுகிறார்கள், மஞ்சள் போட்டால் மண் ஒட்டுகிறது, பச்சையின் கதை ஊருக்கே தெரியும். வெள்ளைத் தொப்பி தண்ணீராட்டம் இழைந்தது, எரியவில்லை, வெளுக்கவில்லை. வேர்வையில் இரண்டு மணி நேரத்தில் போய்விடும், அதுதான் குறை. “மறுக்காப் போட்டுக்கிட்டாப் போச்சு” என்றார். அன்றிலிருந்து போனில் அலாரம். அது அடித்தால் எந்தச் சண்டையின் நடுவிலும் வேலை நிற்கும். அண்ணன், தம்பி, வக்கீல் எல்லோரும் காத்திருக்க அவர் பூசுவார், மூக்கையும் சேர்த்து. நீலச் சேரில் மச்சானே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வருஷம் நான் சேலத்துக்கு மாற வேண்டி வந்தது. கடைசி நாள் சங்ககிரியில் ஒரு காட்டு வேலை முடித்து, ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றோம். புளியமரம்கூட இல்லாத இடம். அவர் பையிலிருந்து வெள்ளைத் தொப்பி ட்யூபையும் கழுவிக் காயவைத்த இரண்டு தைல டப்பாக்களையும் எடுத்தார். தரையில் துண்டை விரித்து, குப்புறப் படுத்துப் பிதுக்கினார். தார் ரோடு கொதித்தது. அவர் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

ஒரு டப்பாவை என்னிடம் நீட்டினார். விளிம்பு வரை வழிய இருந்தது. அவர் கையில் இருந்ததைப் பார்த்தேன். அடி மட்டும் வெள்ளையாக இருந்தது.

“அண்ணா, பாகம் சரியில்லீங்களே.”

அவர் மூடியை அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“அளந்துதானுங்க வெச்சிருக்குது. உங்க மொகம் பெருசு. வண்டி வந்துருச்சு, ஏறு சாமி.”