மட்காடுக்குப் புத்தூர்க் கட்டு

புதுக் கார் வாங்கியவனுக்கு எங்கே கீறல் விழுந்துவிடுமோ என்று ஒரே கவலை. பழைய கார் வாங்கியவனுக்கு அந்தக் கவலை கிடையாது. அவனுக்கு வருவது யோசனை. அதிலும் கையில் காசு இல்லாதவனுக்கு வருகிற யோசனை இருக்கிறதே, அதை யாராலும் தடுத்து நிறுத்த முடியாது. எனக்கு இருபத்தைந்து வயதில் ஒரு பழைய கார் வாய்த்தது. காசு வாய்க்கவில்லை. அப்புறம் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் மற்றவர்கள் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள்.

எங்கள் ஊர் சத்தியவேடு. எல்லைத் தகராறு தீர்ந்து, சென்னை ராஜ்யத்தில் படுத்துத் தூங்கியவர்கள் ஆந்திராவில் எழுந்திருந்த சமயம் அது. ஆபீஸ் பலகைகளில் ஒவ்வொன்றாகத் தெலுங்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் ஒரு வேர்க்கடலை மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மில்லுக்கு வந்துபோகும் மெட்ராஸ் வியாபாரி ஒருவர், ஒருநாள் தன் பேபி காரை வாசலில் நிறுத்தி, "இதைத் திரும்ப மெட்ராஸ் வரைக்கும் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லப்பா" என்றார். எனக்குத் தைரியம் இருந்தது. (ஓட்டத் தெரியாது. அது வேறு விஷயம்.) சும்மா கொடுப்பதற்குக் கொஞ்சம் மேலே ஒரு விலை பேசி வாங்கிவிட்டேன்.

வாங்கியதற்குக் காரணம் ருக்குமணி. புத்தூரில் அரிசி மண்டி வைத்திருந்தவரின் மகள். நாராயணவனம் திருவிழாவில் அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். தேர் வடம் பிடிக்கப் போய்ச் செருப்பைத் தொலைத்த யாரோ ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். பேச்சு வார்த்தை நடந்து, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேணிகுண்டாவிலிருந்து ஒரு ரயில்வே மாப்பிள்ளை வருவதாகவும் சொல்லிவிட்டார்கள். ரயில்வே உத்தியோகத்தோடு வேர்க்கடலைக் கணக்கு மோத முடியுமா? முடியாது. ஆனால் கார் மோதும் என்று நம்பினேன்.

கார் அப்படியே போனால் மோதாது, அதில் கொஞ்சம் வேலை செய்யவேண்டும். சைக்கிள் கடை வைத்திருந்த என் அத்தை மகன் ஏகாம்பரத்தைக் கூட்டிவந்தேன். இரண்டு பேரும் சாக்பீஸ் எடுத்து, எங்கெங்கே என்னென்ன மாற்றவேண்டும் என்று காரின் மேலேயே படம் போட்டோம். முடித்தபோது கார் கோலம் போட்ட வாசல் மாதிரி இருந்தது.

முதல் பிரச்சினை நைனாவின் கால்கள். நைனா, அதாவது என் அப்பா, ஆறடி உயரம். காலை மடக்கி உட்கார்ந்தால் அரை மணியில் கோபம் வந்துவிடும். அதனால் இடதுபக்க முன் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பின் சீட்டிலிருந்து முன்பக்கம் வரை ஒரு பலகை போட்டு, மேலே மெத்தை விரித்தோம். நைனா ராஜா மாதிரி கால் நீட்டிக்கொண்டு வரலாம். அடுத்து, ஜன்னல் கண்ணாடிகள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நைனாவின் பழைய வேட்டியைக் கிழித்து நான்கு பக்கமும் வெள்ளைத் திரை போட்டோம். ஹாரன் செத்திருந்தது. ஏகாம்பரம் திருப்பதியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு வெண்கல மணியைப் பிடித்துவந்து, உள்ளிருந்து கயிறு இழுத்தால் அடிக்கிற மாதிரி மாட்டினான்.

மீதி இருந்தது முன்பக்க மட்காடு. நடுவில் விரிசல் விட்டு, ஓடும்போது யானைக் காது மாதிரி ஆடியது. பத்தவைக்க மெட்ராஸ் போகவேண்டும். அதற்குப் பணம் இல்லை. ஏகாம்பரம் விரிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மச்சான், புத்தூர்ல கட்டுப் போட்டா மனுஷன் எலும்பே சேருது. தகரம் சேராதா?"

வேறு சீமைக்காரனுக்கு இந்த யோசனை வராது. எங்கள் பக்கத்தில் எது 'மளுக்' என்றாலும் முதலில் நினைவுக்கு வருவது புத்தூர்தான். மரத்திலிருந்து விழுந்தவன், மாடு முட்டியவன், மெட்ராசில் பெரிய டாக்டரைப் பார்த்துத் திருப்தி இல்லாதவன், எல்லோரும் அங்கேதான் போவார்கள். மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தோய்த்த துணியைச் சுற்றிக் கட்டுவதைப் பார்க்காத பிள்ளை எங்கள் தாலுகாவில் கிடையாது. மட்காடுக்கும் அதே முறைப்படி மூங்கில் தப்பை வைத்து, முட்டையும் உளுத்தம் மாவும் கலந்து, வெள்ளைத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். காய்ந்ததும் கல் மாதிரி ஆனது. சந்தோஷத்தில் இரண்டு பேரும் மீதி முட்டைகளை ஆம்லெட் போட்டுத் தின்றோம்.

அம்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "நான் பஸ்ல போறேன்" என்றாள். வெற்றிலைப் பாக்குத் தட்டையும் எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் பின்னால் கிளம்பினோம். அதற்குள் அரைகுறையாகப் பழகியிருந்த நான் ஓட்ட, ஏகாம்பரம் பின்மூலையில் மணிக்கயிற்றோடு குந்த, நைனா பலகையில். நாகலாபுரம் வரைக்கும் உட்கார்ந்துதான் வந்தார். அதற்குள் கூரையில் தலை இடித்து இடித்து அலுத்துப்போய்ப் படுத்துவிட்டார். பிச்சாட்டூரில் தூசி தாங்காமல் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார். நாராயணவனம் தாண்டும்போது நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆக, மெட்ராஸ் நம்பர் போட்ட ஒரு கார். நான்கு பக்கமும் வெள்ளைத் திரை. உள்ளே கால் நீட்டிப் படுத்த, முகம் மூடிய ஒரு பெரியவர். முன்பக்கத்தில் ரத்தக் கறை ஒன்றுதான் பாக்கி, மற்றபடி முழுக்கட்டு. டணடணவென்று மணி. இப்படி நாங்கள் புத்தூர் கடைவீதிக்குள் நுழைந்தோம்.

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. ஜட்கா வண்டிகள் ஒதுங்கின. கிளம்ப இருந்த ஒரு பஸ்ஸே எங்களுக்காக நின்றது. 'கார் என்றால் கார்தான்' என்று நினைத்து நான் இடதுகையால் மீசையை முறுக்கிக்கொண்டேன். (மீசை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் முறுக்கினேன்.) ஒரு ஜட்காக்காரர் வண்டியை விட்டு இறங்கி, "தப்புகோண்டி, தப்புகோண்டி" என்று ஆட்களை விலக்கிக்கொண்டே எங்களுக்கு முன்னால் ஓடினார். அடேயப்பா, மண்டிக்காரர் வழிகாட்ட ஆளே அனுப்பியிருக்கிறாரே என்று நான் அவர் பின்னாலேயே ஓட்டினேன்.

அவர் ஒரு பெரிய கொட்டகை முன்னால் நின்றார். பெண் வீட்டில் பந்தலே போட்டுவிட்டார்களா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், நான்கு பேர் ஓடிவந்து கதவைத் திறந்து, நைனாவைப் பலகையோடு வெளியே இழுத்துத் தோள்மேல் தூக்கினார்கள்.

நைனா விழித்துக்கொண்டார். விழித்துப் பார்த்தால் நான்கு பேர் தோளில் போய்க்கொண்டிருக்கிறார். எதற்காக மனிதனை நான்கு பேர் தூக்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். போட்டார் ஒரு சத்தம்.

"டேய், உசுரு கீதுடா! எறக்குங்கடா!"

"அப்பிடித்தான் கத்துவாங்க. காலை கெட்டியா புடி" என்றார் ஒருவர்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா!"

"இங்க வர எல்லாரும் அதான் சொல்றாங்க பெரியவரே. ஒரு நிமிஷம், ஒரே இழுவைதான்."

அப்போதுதான் கொட்டகைக்குள் பார்த்தேன். வரிசையாகக் கையிலும் காலிலும் தப்பை கட்டியவர்கள். என் மட்காட்டின் சொந்தபந்தங்கள் மாதிரியே இருந்தார்கள். அடிபட்டவரை ஏற்றிவந்த ஆஸ்பத்திரி வண்டி என்று நினைத்துத்தான் ஊரே வழிவிட்டிருக்கிறது என்று எனக்கு ஒரே நொடியில் புரிந்தது. கட்டுப் போடுகிறவர் நைனாவின் இரண்டு கால்களையும் இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை அழுத்திப் பார்த்தார். நைனா உதைத்த உதையிலேயே அவருக்குப் பாதி தெரிந்திருக்கும்.

"கால் நல்லா கீதே. தெப்ப எக்கட?" என்றார். அடி எங்கே என்று கேட்கிறார்.

நைனா என்னைக் காட்டினார். "இவனுக்கு. தலையில."

அந்த மனிதர் நிஜமாகவே என் தலையைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

என் தலை அவர் கையில் இருக்கும்போதுதான் அம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். மாப்பிள்ளை வீட்டுக் கார் கவிழ்ந்துவிட்டது, பெரியவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அதற்குள் பெண் வீட்டுக்குச் செய்தி போயிருந்தது. பின்னாலேயே மண்டிக்காரர். அழுகையோடு வந்த அம்மா, நைனா இரண்டு காலாலும் நின்றுகொண்டு வேட்டியைச் சரி செய்வதைப் பார்த்ததும் திட்டத் தொடங்கினாள். மண்டிக்காரர் திட்டவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மட்காட்டில் போட்டிருந்த கட்டின்மேல் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது யாரு போட்டது?"

"நாங்களேதான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்த நாளு, மொதல்ல கட்டுக் கொட்டாய்ல கால் வெச்சிட்டீங்க. சகுனம் எப்பிடின்னு நாலு பேரு கேப்பாங்கமா. வந்தது வந்தீங்க, டிபன் துன்னுட்டுப் போங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்றால் எப்புறமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரயில்வேக்காரன் சத்தமில்லாமல் வந்து பெண்ணை முடித்துக்கொண்டு போய்விடுவான். அவர் வீட்டுக் கூடத்தில் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நைனா மட்டும் பக்கத்தில் இரண்டாம் தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். (தூக்கி ஆட்டியதில் நல்ல பசி என்று பிறகு சொன்னார்.)

காப்பித் தட்டோடு ருக்குமணி வந்தாள். எனக்குக் கொடுக்கும்போது நின்றாள். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது.

"அந்த மட்காடுக்கு மொத்தம் எத்தினி கட்டு?"

கிண்டல் செய்கிறாள் என்று எந்த முட்டாளுக்கும் தெரிந்திருக்கும். நான் யோசித்து, புத்தூர்க் கட்டு முறைப்படியே பதில் சொன்னேன். "மூணு கட்டு. ஒண்ணு ஆச்சு."

"அடுத்த கட்டு எப்போ?"

"வர வெள்ளிக்கிழமை."

"மொதக் கட்டோட வந்த எடத்துக்குத்தான் ரெண்டாங் கட்டுக்கும் வரணும். வெள்ளிக்கிழமை கொண்டாந்து காட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தது கூடம் முழுக்கக் கேட்டது. திருவிழாவில் கேட்ட அதே சிரிப்பு.

மண்டிக்காரர் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் பார்க்க அதிகமாக எதுவும் இல்லாததால், அம்மா பக்கம் திரும்பினார்.

"ரேணிகுண்டாக்கு ஆள் அனுப்பி, ஞாயித்துக்கெழமை வர வாணாம்னு சொல்லிடறேன்மா."

திரும்பி வரும்போது பிச்சாட்டூர் அருகே மட்காடு கட்டோடு கழன்று விழுந்தது. கார் ஊர் போய்ச் சேர்ந்ததோடு சரி, அப்புறம் நகரவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே. அடுத்த வெள்ளிக்கிழமை மட்காடை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் புத்தூர் போனேன். கண்டக்டர் அதற்குத் தனியாக லக்கேஜ் சீட்டுப் போட்டார். பக்கத்து சீட்டுக்காரர், "எப்பிடி ஆச்சு?" என்று அனுதாபமாக விசாரித்தார்.

ஐப்பசியில் கல்யாணம். அதிலிருந்து கடைசி வரைக்கும் நைனா புத்தூருக்குள் வண்டியில் நுழைந்ததே இல்லை. ஊர் எல்லையிலேயே இறங்கிவிடுவார். கடைவீதி நடுவில், இரண்டு கால்களையும் எல்லோரும் பார்க்கும்படி வீசி வீசி நடந்து சம்பந்தி வீட்டுக்கு வருவார். அந்த ஜட்காக்காரர் பார்த்துவிட்டால் மட்டும் நடையில் வேகம் கூடும்.

ருக்குமணிக்கு ஒரு வழக்கம் தங்கிவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும், வாங்க என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள். போன மாதம் எங்கள் பேத்தியைப் பெண் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்தார்கள். மினுமினுவென்று பெரிய கார். பையனின் அப்பா பட்டு வேட்டியில் இறங்கி வந்து கை கூப்பினார். எண்பது வயதுக் கிழவி பதிலுக்குக் கை கூப்பி, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"நடந்து வந்தீங்களா, தூக்கிக்கினு வந்தாங்களா?"