இல்லை என்று சொன்ன படகு

அன்பு மாப்பிள்ளை வில்பிரட்டுக்கு,

பாம்பனிலிருந்து மச்சான் அருளானந்தம் ஆண்டவர் துணையோடு எழுதுவது. உன் அக்கா அற்புதம்மாள் சுகம், ரொம்பவே சுகம். என் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். தூத்துக்குடியில் நீங்களெல்லாம் நல்லபடியாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் பேசலாம்தான். பேசினால் உன் அக்கா பிடுங்கி அவள் கதையைச் சொல்லிவிடுவாள்.

வரும் மாதத்திலிருந்து உன் படகின் கரை வேலையை அவளிடம் கொடுக்கப் போகிறாயாமே? இது நியாயமா மாப்பிள்ளை? முழங்கால் கெட்டுக் கடலுக்குப் போக முடியாமல் ஆனதிலிருந்து வயர்லெஸை விட்டு நகராமல், படகிலிருந்து டிரைவர் பிரபு சொல்வதைக் கேட்டு, ஐஸுக்கும் வண்டிக்கும் வியாபாரிக்கும் ஏற்பாடு செய்கிறவன் நான். இதுவும் போனால் எனக்கு ஊரில் என்ன மரியாதை? டீக்கடையில் எவன் நகர்ந்து இடம் கொடுப்பான்?

செவ்வாய்க்கிழமை நடந்ததை அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது. பிரபு வயர்லெஸில், "ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான் வாரோம்" என்று பவ்யமாகச் சொன்னான். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதானே? வியாபாரியைத் திருப்பி அனுப்பினேன், ஐஸைப் பக்கத்துப் படகுக்குக் கொடுத்தேன், சவரம் பண்ணிக்கொள்ளப் போய்விட்டேன். ஆள் வந்து கத்த, பாதி முகத்தில் சோப்போடு ஓடிவந்து பார்த்தால் படகு நிறையக் கணவாய் மீன்! வெயிலோ மண்டையைப் பிளக்கிறது, வியாபாரியோ பாலம் ஏறி மண்டபம் ஊரையே தாண்டிவிட்டார். "ஏலே, இல்லன்னு சொன்னியேலே!" என்றால், "இருக்குன்னு சொன்னா, வயர்லெஸ்ல கேக்குற மத்த படகெல்லாம் நம்ம இடத்துக்கு வந்துராதா மாமா? எவன் சொல்லுவான்?" என்கிறான். உன் அக்கா எல்லார் முன்னாலும், "அவன் குரல்லயே தெரிஞ்சிச்சு, அனுப்பாதீகன்னு அப்பவே சொன்னேன். இத்தன வருசம் கேட்டீக, கத்துக்கிட்டீகளா?" என்றாள். அவள் சொன்னதையும் நான் கேட்கத்தான் செய்தேன் மாப்பிள்ளை, இல்லையென்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று, காதில் ஒரு குறையும் கிடையாது. கேட்பதற்கும் கற்றுக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது பெட்டிக்கடைக்காரன்கூட எனக்கு விளக்குகிறான். பற்றிக்கொண்டு வருகிறது.

போகட்டும், இப்போதுதான் கற்றுக்கொண்டேனே! இல்லை என்றால் இருக்கிறது. அவ்வளவுதானே சங்கதி? இதற்குப் போய் உன் அக்கா எதற்கு? வேலை என்னிடமே இருக்கட்டும்.

தங்கச்சி ஜாஸ்லினுக்கும் பிள்ளைகளுக்கும் நான் நெற்றியில் சிலுவை போட்டதாக வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
அருளானந்தம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகையில் பிரபு வயர்லெஸில், "ஒரு மண்ணுமில்ல மாமா, நாசமாப் போற கடலு!" என்று கத்தினான். இல்லை என்கிறானே! உடனே இரண்டு வண்டி ஐஸ் இறக்கி, மண்டபத்து வியாபாரிகளையெல்லாம் வரவழைத்தேன். படகு வந்தது. வலை நிறைய வெறும் கடற்பாசி. "இருந்தா பம்முவான், நெசமாவே இல்லாட்டித்தான் வைவான்" என்று உன் அக்கா சொல்கிறாள். வியாபாரிகள் என்னைச் சுற்றி நின்று அவளுடைய போன் நம்பரைக் கேட்கிறார்கள். மாப்பிள்ளை, வேலையை அவளுக்கே கொடுத்துவிடு. வயர்லெஸ் பக்கத்து நாற்காலியை மட்டும் எனக்கு விடச் சொல். நான் கேட்டுக்கொண்டாவது இருக்கிறேன்.